விடைத்தாளைக் கொண்டு வாருங்கள்

(மாலை வகுப்பு மாணவர்களின் பெற்றோர் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

மஃரிபுக்குப் பிறகு வைத்தால் அடுப்படி வேலையை விட்டுவிட்டு வர முடியாது என்று உம்மாமார்கள் சொன்னதால் இந்தக் கூட்டத்தை அஸருக்குப் பிறகு வைத்திருக்கிறோம். திரைக்கு அந்தப் பக்கம் இடமில்லாமல் நிறைந்திருக்கிறது. இந்தப் பக்கம் முதல் இரண்டு வரிசைதான். வாப்பாமார்களில் பாதிப்பேர் சவூதியிலும் துபாயிலும் இருக்கிறார்கள் என்பது தெரியும். மீதிப்பேர் எங்கே என்பதை அவரவர் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து அலுவலகத்துக்கு வருகிற எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "எட்டாம் வகுப்பு ஏன் எட்டு நாளாகச் சதவீதத்திலேயே நிற்கிறது? பக்கத்துத் தெரு டியூஷனில் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்களே, போர்ஷன் எப்போது முடியும்?" இரண்டு வீட்டுக்காரர்கள் பிள்ளைகளை அங்கே மாற்றியும் விட்டார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் காரணம் தெரியாமல் யாரும் மாற்ற வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தப் பேச்சு.

காலாண்டுக் கணக்குத் தேர்வில் நம் எட்டாம் வகுப்பில் இரண்டு பையன்கள் 42 மார்க் எடுத்திருக்கிறார்கள். இரண்டு வீட்டிலும் ஒரே ஏச்சு விழுந்தது. விடைத்தாளை எடுத்துப் பார்த்தால் இரண்டும் இரண்டு ஊர் மாதிரி இருக்கிறது. ஒருவன் இயற்கணிதம் முழுவதையும் சரியாகப் போட்டிருக்கிறான். தசமப் புள்ளி வருகிற இடமெல்லாம் தப்பு. இன்னொருவனுக்குத் தசமம் தெரியும், பின்னம் தெரியும், ஆனால் நாலு வரியில் கேள்வி வந்தால் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. அந்தக் கேள்விகளில் கை வைக்காமலே விட்டிருக்கிறான். முதல் பையனுக்குத் தேவை தசமம். இரண்டாவது பையனுக்குத் தேவை தமிழ் வாசிப்பு. 42 என்ற எண் இதில் எதையும் சொல்லாது. பள்ளிக்கூடம் கொடுக்கிற ரேங்க் கார்டில் அந்த எண் மட்டும்தான் வரும்.

எனவே எங்கள் ஆசிரியைகளிடம், விடைத்தாள்களை வாங்கிக் கேள்வி கேள்வியாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னோம். அதோடு நாங்களே ஒரு சின்னத் தேர்வும் வைத்தோம், பத்தே கேள்வி. அதில் ஒரு கேள்வியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நம் எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான்.

ஒருவரிடம் ஆண்டு நிறைந்த 4,00,000 ரூபாய் இருக்கிறது. அதில் இரண்டரை சதவீதம் ஜகாத் எவ்வளவு? விடை 10,000 ரூபாய்.

அன்றைக்கு வகுப்பில் 26 பிள்ளைகள். சரியாக எழுதியவர்கள் 9 பேர். மூன்று பேர் எழுதவே இல்லை. மீதி 14 பேர் தப்பு. இதோடு நிறுத்தியிருந்தால், 'பாதிக்கு மேல் தப்பு, சதவீதப் பாடத்தை முதலிலிருந்து நடத்து' என்று சொல்லிவிடலாம். தப்பாக எழுதிய விடைகளைப் பாருங்கள். எட்டுப் பேர் 1,00,000 என்று எழுதியிருக்கிறார்கள். நாலு பேர் 10,00,000. இரண்டு பேர் 1,60,000. பதினாலு பேரும் பதினாலு விதமாகத் தப்பு செய்யவில்லை. மூன்றே வழியில் போயிருக்கிறார்கள்.

1,00,000 எழுதிய எட்டுப் பேர் 2.5 என்பதை 25 ஆக்கிவிட்டார்கள். புள்ளி எங்கேயோ விழுந்துவிட்டது. இதே தாளில் 300-இல் 20 சதவீதம் எவ்வளவு என்று ஒரு கேள்வி இருந்தது. அதை இந்த எட்டில் ஏழு பேர் 60 என்று சரியாக எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் அவர்களுக்குச் சதவீதம் தெரியும். தெரியாதது தசமம். அது ஏழாம் வகுப்பில் முடிந்துபோன பாடம். இவர்களை உட்காரவைத்துச் சதவீதத்தை இன்னொரு முறை நடத்தினால் அவர்கள் நேரமும் ஆசிரியையின் நேரமும் வீண். அடுத்த தேர்விலும் புள்ளி விழத்தான் செய்யும்.

10,00,000 எழுதிய நாலு பேரும் 300-இல் 20 சதவீதத்துக்கு 6,000 என்று எழுதியிருக்கிறார்கள். பெருக்கத் தெரிகிறது. நூறால் வகுக்க வேண்டும் என்பது மனதில் இல்லை. சதவீதம் என்றால் நூற்றுக்கு இத்தனை என்ற கருத்தே உட்காரவில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கையில் இருப்பதே நாலு லட்சம், அதற்கு ஜகாத் பத்து லட்சமா என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. விடையை எழுதிய பிறகு திரும்பிப் பார்க்கிற பழக்கம் இல்லை. இந்த நாலு பேருக்குத்தான் சதவீதத்தை முதலிலிருந்து நடத்த வேண்டும். 1,60,000 எழுதிய இரண்டு பேர் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்திருக்கிறார்கள். அவர்களைத் தனியாக உட்காரவைத்து, 'எப்படிப் போட்டாய் சொல்லு' என்று கேட்டால்தான் தெரியும். கேட்டபோது ஒருவன், "சதவீதம்னா வகுக்கணும்னு மனப்பாடம் பண்ணினேன்" என்றான்.

ஆக, ஒரே கேள்விக்கு மூன்று விதமான மறுபாடம். அதற்குத்தான் இந்த எட்டு நாள்.

இதற்குக் கணினி ஒன்றும் தேவையில்லை. கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று போதும். இடது பக்கம் பிள்ளைகள் பெயர், மேலே கேள்வி எண். சரி என்றால் டிக். தப்பு என்றால் டிக்குக்குப் பதிலாக அவன் எழுதிய விடையையே கட்டத்தில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டிருந்தால் ஒரு கோடு. எழுதி முடித்ததும் முதலில் மேலிருந்து கீழே பார்க்க வேண்டும். ஒரு கேள்வியில் வகுப்பில் பெரும்பாலோர் தப்பு என்றால் பாடம் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். முழு வகுப்புக்கும் வேறு விதமாக நடத்த வேண்டும். ஐந்தாறு பேர் தப்பு என்றால் அவர்களைத் தனிக் குழுவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பிறகு இடமிருந்து வலமாக, பிள்ளை பிள்ளையாகப் பார்க்க வேண்டும்.

அப்படிக் குறுக்கே பார்த்தபோது கண்ட ஒரு வரிசையைச் சொல்கிறேன். யாருடைய பிள்ளை என்று தேடாதீர்கள், வகுப்பைக்கூடச் சொல்ல மாட்டோம். ஒரு பெண் பிள்ளை. முதல் பருவப் பாடங்களில் டிக், டிக், டிக். நடுவில் ஒரு இடத்தில் வரிசையாகத் தப்பும் கோடும். அதற்குப் பிறகு மறுபடி பாதி சரி. வருகைப் பதிவேட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தோம். அந்தப் பாடங்கள் நடந்த இரண்டு வாரமும் அந்தப் பிள்ளை வரவில்லை. வீட்டில் ராத்தா கல்யாணம். கல்யாண வீட்டில் தங்கச்சிக்கு வேலை இல்லாமல் இருக்குமா? இதற்குள் வீட்டில் முடிவு பண்ணிவிட்டார்கள்: "இவளுக்குப் படிப்பு வரல, பத்தாவது வரை தள்ளுவானேன், தையலுக்கு அனுப்பிடலாம்." உம்மாவைக் கூப்பிட்டுக் கட்டத்தைக் காட்டினோம். படிக்கத் தெரியாத அந்த உம்மாவுக்கு டிக் எது, கோடு எது என்று பார்த்ததும் புரிந்துவிட்டது. "அந்த ரெண்டு வாரம்தானா?" என்று கேட்டார். அந்த இரண்டு வாரம்தான். அந்தப் பாடங்களை ஒன்பது மாலையில் நடத்தி முடித்தோம். பிள்ளை இன்றைக்கும் வகுப்பில் இருக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ்.

தையல் கற்பது நல்லதுதான், நம் அறக்கட்டளையே தையல் வகுப்பு நடத்துகிறது. ஆனால் படிப்பு வராது என்ற தப்பான தீர்ப்பின் பேரில் ஒரு பிள்ளை அங்கே வந்து உட்காரக் கூடாது. நம் மஹல்லாவில் ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் நின்றுபோகிற பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பையன் என்றால் கடைக்குப் போகிறான், பெண் என்றால் வீட்டில் இருக்கிறாள். காரணம் கேட்டால் கணக்கு அல்லது ஆங்கிலம். கணக்கில் எது என்று கேட்டால் அவனுக்கும் தெரியாது, வீட்டுக்கும் தெரியாது.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஹிஃப்ழ் வகுப்பில் உஸ்தாத் என்ன செய்கிறார்? காலையில் புது ஸபக் கேட்கிறார். அதோடு போன சில நாட்களின் பாடத்தைக் கேட்கிறார். அதற்கும் மேல் பழைய ஜுஸ்வுகளைக் கேட்கிறார். பிள்ளை தடுக்குகிற இடத்தில் முஸ்ஹஃபில் பென்சிலால் மெல்லிய கோடு போடுகிறார். மறுநாள் அதே இடத்தில் தடுக்கினால் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓதச் சொல்கிறார். நிறைய இடத்தில் தடுக்கினால், "இன்னிக்குப் புதுப் பாடம் இல்லை, இதையே சரி பண்ணிட்டு வா" என்பார். பிள்ளையின் வாப்பா வந்து, "பக்கத்து மதரஸாவில் பத்தாவது ஜுஸ்வுக்குப் போய்விட்டார்களே" என்று உஸ்தாதிடம் சண்டை போடுவதில்லை. பழையது பலமில்லாமல் புதியதை ஏற்றினால் இரண்டும் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். குர்ஆன் பாடத்தில் நாம் ஒத்துக்கொள்கிற இந்த நியாயம் கணக்குப் பாடத்தில் மட்டும் ஏன் செல்லாமல் போகிறது?

நபி (ஸல்) அவர்கள் புரிந்துகொள்ளப்பட வேண்டும் என்பதற்காக ஒரு வார்த்தையை மூன்று முறை திரும்பச் சொல்வார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. பள்ளிவாசலுக்கு வந்து அவசர அவசரமாகத் தொழுத மனிதரின் சம்பவமும் உங்களுக்குத் தெரியும். அவர் தொழுததை நபி (ஸல்) அவர்கள் பார்த்தார்கள். திரும்பிப் போய்த் தொழுமாறு மூன்று முறை சொன்னார்கள். இதைவிட நன்றாக எனக்குத் தெரியாது, கற்றுத் தாருங்கள் என்று அவர் சொன்ன பிறகு, ருகூவில் எப்படி நிலைகொள்ள வேண்டும், ஸுஜூதில் எப்படி என்று படிப்படியாகக் கற்றுக் கொடுத்தார்கள். அவர் எதில் அவசரப்பட்டாரோ அந்த இடத்தைத்தான் திருத்தினார்கள் என்று ஹஸ்ரத் பலமுறை இங்கே விளக்கியிருக்கிறார்கள்.

உலகத்திலும் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த பெஞ்சமின் புளூம் என்ற கல்வியாளர் 1968-இல் இதைத்தான் எழுதினார். பாடம் முடிந்ததும் சின்னத் தேர்வு வை, யார் எங்கே விழுந்தார்கள் என்று பார், வேறு முறையில் திருத்து, அதே கனத்தில் இன்னொரு தேர்வு வை, பிறகு மேலே போ என்றார். நம் நாட்டில் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல், என்ன வாசிக்கத் தெரியும், என்ன கணக்குத் தெரியும் என்று பார்த்துக் குழுவாகப் பிரித்து நடத்துகிறது. தமிழக அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் உங்கள் சின்னப் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று பாடம் படித்தார்களே, அதுவும் இதே வழிதான். ஒரே வகுப்பறையில் மூன்று நிலை.

திரும்ப நடத்துவது என்றால் அதே பாடத்தை அதே மாதிரி, இன்னும் சத்தமாக நடத்துவதில்லை. இதை ஆசிரியைகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம். முதல் முறை புரியாத வார்த்தை இரண்டாம் முறையும் புரியாது. தசமம் தெரியாத எட்டுப் பேருக்கு எங்கள் ஆசிரியை ரூபாயையும் பைசாவையும் வைத்து ஆரம்பித்தார். இரண்டரை ரூபாய் என்றால் 2.50, அதையே பைசாவில் சொன்னால் 250. புள்ளி நகர்ந்தால் மதிப்பு என்ன ஆகிறது என்று பிள்ளைகள் தாங்களாகவே சொல்லத் தொடங்கினார்கள். நூறு என்ற கருத்தே இல்லாத நாலு பேருக்குப் பத்துக்குப் பத்து கட்டம் வரைந்து வண்ணம் அடிக்கச் சொன்னார். இரண்டரைக் கட்டம் எவ்வளவு சின்னது என்று கண்ணால் பார்த்த பிறகு யாரும் பத்து லட்சம் எழுதவில்லை.

இதில் எங்களுக்கே ஆச்சரியமான ஒன்று நடந்தது. ஜகாத் நாற்பதில் ஒன்று என்று மக்தபில் ஓதியது வகுப்பில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நாலு லட்சத்தை நாற்பதால் வகு என்றால் பத்தாயிரம் என்று உடனே சொல்கிறார்கள். இரண்டரை சதவீதமும் நாற்பதில் ஒன்றும் ஒன்றுதான் என்பது மட்டும் தெரியவில்லை. மக்தப் ஒரு பையில், பள்ளிக்கூடம் இன்னொரு பையில். இரண்டையும் ஒரு நாள் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியதும் பின்வரிசையிலிருந்து "அடடா" என்று ஒரு சத்தம் வந்தது.

எட்டாம் நாள் வேறு எண்களை வைத்து அதே மாதிரிக் கேள்வி கொடுத்தோம். 26-இல் 21 பேர் சரி. மீதி ஐந்து பேரை விட்டுவிட்டுப் போகவில்லை. வெள்ளிக்கிழமை மாலை அரைமணி நேரம் அவர்களுக்குத் தனி வகுப்பு. மற்றவர்களுக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் பத்து நிமிடம் பழைய பாடத்திலிருந்து நாலு கேள்வி உண்டு. இன்று தெரிந்தது மூன்று வாரத்தில் மறந்துபோகும் என்பதால் இந்த ஏற்பாடு.

சரியாகப் போட்ட ஒன்பது பேர் என்ன ஆவார்கள் என்று ஒரு வாப்பா கேட்டார், நியாயமான கேள்வி. அந்த நாட்களில் அவர்களுக்குத் தள்ளுபடி, கூட்டுவட்டி என்று கனமான கணக்குகள் தனியாகக் கொடுக்கப்பட்டன. கூட்டுவட்டிக் கணக்கைப் போடத்தான் கற்றுத் தருகிறோம், வாங்கவும் கொடுக்கவும் அல்ல! மூன்று பேர் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க முன்வந்தார்கள்.

போர்ஷன் விஷயம். பள்ளிக்கூடத்தில் அடுத்த பாடம் நடக்கத்தான் செய்கிறது. அதையே மாலையில் ஒருமுறை ஓட்டிக் காட்டுவதற்காக உங்கள் ஸதகாப் பணத்தில் ஆசிரியை வைத்து நடத்த வேண்டியதில்லை. எல்லாப் பாடத்தையும் தொட மாட்டோம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறோம். எதன் மீது மற்றப் பாடங்கள் நிற்கின்றனவோ அவற்றை விட மாட்டோம். பின்னம், தசமம், குறை எண், சதவீதம், எளிய சமன்பாடு. இவை இல்லாமல் பத்தாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்குக் கடைசியில் ஒரே வழிதான் மிஞ்சும். வரைபடமும் வடிவியலும் போட்டால் 16 மார்க், ஒரு மார்க் கேள்வி 14, அங்கே இங்கே கொஞ்சம் சேர்த்து 35. மார்ச் மாதத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நாங்களும் அதைத்தான் சொல்லிக் கொடுப்போம், வேறு வழியில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. அவனுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

ஒரு முக்கியமான விஷயம். இந்தக் கட்ட நோட்டு ஓர் அமானிதம். அதில் உங்கள் பிள்ளையின் குறை எழுதப்பட்டிருக்கிறது. ஆசிரியை, தலைமை ஆசிரியை, செயலாளர் தவிர வேறு யாரும் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறோம். அந்தந்தப் பெற்றோருக்கு அந்தந்தப் பிள்ளையின் வரிசை மட்டும் காட்டப்படும். வாட்ஸ்அப் குழுவில் போட மாட்டோம். குழுக்களுக்கு நல்ல பிள்ளை குழு, மக்குக் குழு என்று பெயர் கிடையாது, மாதத்துக்கு மாதம் ஆட்கள் மாறுவார்கள். ஆண்டு விழாவில் முதல் மார்க்குக்குப் பரிசு கொடுக்க ஒரு சகோதரர் முன்வந்திருக்கிறார், ஜஸாக்கல்லாஹ். அதே தொகையை, விழுந்த இடத்திலிருந்து அதிகம் ஏறிய பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று அவரிடம் கேட்டிருக்கிறோம். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. விடைத்தாளைக் கிழிக்காதீர்கள், பழைய பேப்பர்காரனிடம் போடாதீர்கள். பிள்ளை பயந்து ஒளித்து வைத்தால் அந்தத் தாள் எங்கள் கைக்கும் வராது. மார்க்குக்காக அடித்த வீட்டுப் பிள்ளைகளின் தாள்கள்தான் எங்களிடம் அதிகம் காணாமல் போகின்றன. வெளிநாட்டில் இருக்கிற வாப்பாவுக்கு ரேங்க் கார்டைப் படம் எடுத்து அனுப்புகிறீர்கள். கூடவே விடைத்தாளையும் அனுப்புங்கள். அவர் போனில், "எத்தனை?" என்று கேட்பதற்குப் பதிலாக, "எந்தக் கணக்கு விட்டுப்போச்சு, எப்படிப் போட்டே?" என்று கேட்கட்டும். படிக்காத உம்மாவும் இதைக் கேட்கலாம். பிள்ளை விளக்கும்போது எந்த இடத்தில் திணறுகிறது என்பது கேட்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

வருகிற சனிக்கிழமை அஸர் முதல் இஷா வரை அலுவலகத்தில் ஆசிரியைகள் இருப்பார்கள். உம்மாமார்கள் பின்வாசல் வழியாக வரலாம். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை கணக்கு, ஆங்கிலம், தமிழ் மூன்று காலாண்டு விடைத்தாள்களும் வேண்டும். பள்ளிக்கூடத்தில் தாள் திருப்பித் தரவில்லை என்றால் பிள்ளையை மட்டும் அனுப்புங்கள், பத்துக் கேள்வித் தேர்வை இங்கேயே எழுதிக்கொள்ளலாம். வேறு டியூஷனுக்கு மாறிய இரண்டு பிள்ளைகளும் வரலாம், அவர்களுடைய வரிசை இன்னும் நோட்டில் இருக்கிறது.